பெட்டி என்று கத்தினேன்

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வேலை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் என் தோழர்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டு வேலை அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். ஏஜெண்டிடம் ஏமாந்தது, சம்பளம் இழுபறியானது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். நமக்குக் கெடுதல் செய்தவனைத் தேதி, தொகை உட்பட ஞாபகம் வைத்துச் சொல்கிறோம். நல்லது செய்தவரை மட்டும் "யாரோ ஒரு புண்ணியவான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இன்று ஒரே ஒரு இரவைத்தான் சொல்லப்போகிறேன்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மலேசியாவின் பினாங்கில் இருந்தவர்கள் யாரும் அந்தத் தேதியை மறக்கமாட்டார்கள். நான் அப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில், அதாவது சோறும் குழம்பும் விற்கும் கடையில், வேலை பார்த்தேன். ஜாலான் பி. ராம்லி பக்கம் ஒரு சந்தில், கீழ்த்தள அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். அது தாழ்வான இடம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனமழை கொட்டினால் சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வடிய வழி இருக்காது, தெருவுக்குத்தான் வரும். அன்று காற்றும் சேர்ந்துகொண்டது. விடிவதற்குள் மாநில அரசு ராணுவத்தின் உதவியைக் கேட்கும் நிலைமை.

நள்ளிரவு தாண்டி முதுகு நனைந்துதான் விழித்தேன். தரையில் பாய் விரித்துப் படுப்பவனுக்குத் தண்ணீர் வந்தது முதலில் முதுகுக்குத்தான் தெரியும். கரண்ட் இல்லை. ஐந்து பேரும் வெளியே ஓடி வந்தபோது தண்ணீர் இடுப்பளவு. அப்போதுதான் என் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. பாஸ்போர்ட்டை அதுவரை முதலாளிதான் வைத்திருந்தார். வேலை பெர்மிட் புதுப்பித்து அந்த வாரம்தான் என் கையில் கொடுத்திருந்தார். அது போனால் நான் யார் என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு காகிதம் இல்லை. என் மகளின் போட்டோவும் அதில்தான் இருந்தது.

எனக்கு அப்போது மலாய் அவ்வளவாக வராது. வந்ததும் மறந்துபோனது. "பெட்டி! பெட்டி!" என்று தமிழில் கத்தினேன். எதிர்வீட்டு மலாய்ப் பையன், பதினெட்டு வயது இருக்கும், "பெத்தி? மானா?", எங்கே என்று கேட்டான். நான் கையைக் காட்டினேன். அவ்வளவுதான், அந்த இருட்டுக்குள் இறங்கிவிட்டான். பெட்டிக்கு மலாயிலும் பெத்திதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால் என்பதைப் போல. அதற்காக, வார்த்தை ஒன்றாக இருப்பதால் யாரும் வெள்ளத்தில் இறங்கிவிட மாட்டார்கள். அந்தப் பையன் இறங்கினான். தலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, "நா, அண்ணே", இந்தா அண்ணே என்று என்னிடம் நீட்டினான்.

சந்துமுனையில் மாடி வீடு ஒரு சீனப் பெரியவருடையது. அங்கிள் என்போம். அதற்குமுன் தலையாட்டுவதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கதவைத் திறந்துவைத்து டார்ச் அடித்து எல்லாரையும் மேலே ஏற்றினார். அந்தப் பையனின் குடும்பமும் அங்கேதான் ஏறியது. நான் நடுங்குவதைப் பார்த்து அவன் அம்மா, மலாயில் அத்தை என்பதுபோல மாக்சிக் என்போம், தன் பிளாஸ்டிக் பையிலிருந்து புருஷனின் கைலியை எடுத்துக் கொடுத்தார். காயின் பெலிக்காட் என்பார்கள். நம் பழவேற்காட்டின் பெயர்தான் அது. அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த துணி. தமிழ்நாட்டில் கட்டிப் பழகியதைப் போலவே அதையும் மடித்துக் கட்டினேன். உடம்பு கொஞ்சம் அடங்கியது.

அப்புறம் அங்கிள் செய்ததைச் சொல்கிறேன். நான் பெட்டியைத் திறந்து நனைந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் அதை வாங்கினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் ஒரு டிஷ்யூ வைத்தார். 36 பக்கம். டிஷ்யூ ஊறியதும் உருவிவிட்டுப் புதிதாக வைத்தார். பெர்மிட் ஒட்டியிருந்த பக்கத்தில் மட்டும் அழுத்தவே இல்லை, ஊதி ஊதிக் காயவைத்தார். விடியும்வரை இப்படியே. என் மகள் போட்டோவை முகம் மேலே தெரியும்படி ஒரு தட்டில் கிடத்தி, "யுவர் கேர்ள்?" என்று கேட்டார். அன்று இரவு அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அந்த வெள்ளத்தில் மசூதிகள் வேற்று மதத்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் சந்தில் அது ஒரு மாடி வீட்டில் நடந்தது.

பெர்மிட் பிழைத்தது. பத்து நாள் கழித்துக் கைலியைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாக்சிக் அதை வாங்கிக்கொண்டு, "சுடா மாக்கான்?", சாப்பிட்டாச்சா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு தட்டு நிறைய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொடுத்தனுப்பினார். நம் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம், இல்லையா? ஹலால் முத்திரை பார்த்து முறுக்கு வாங்கி அந்தத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தட்டு குயே என்கிற மலாய்ப் பலகாரத்தோடு வந்தது. அங்கிள் வீட்டுக்கும் ஒரு சுற்றுப் போய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தது. ஓரத்தில் நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு, ஒரு பக்கம் சின்னதாக உடைந்திருக்கும்.

இந்த வாரம் அது என் அறையில் இருக்கிறது.