பாடசாலையை மாற்றினால் வாசிப்பு வந்துவிடுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆண்பிள்ளைகளின் வாசிப்புத் தடுமாற்றத்தைத் தீர்ப்பது பெற்றோர் தெரிவுசெய்யும் பாடசாலையா, ஆரம்ப வகுப்பின் கற்பித்தலா என்பதே இன்றைய தலைப்பு. கற்பித்தலே என்று வாதிட வந்திருக்கிறேன். பெயர்பெற்ற பாடசாலையில் சேர்த்துவிட்டால் வாசிப்பு தானாக வரும் என்றார் எதிரணி நண்பர். முதலாம் தர அனுமதியில் வீட்டின் தூரத்துக்கும் புள்ளி உண்டு என்பதற்காக நல்லூர்ப் பக்கம் வாடகை வீடு தேடி அலையும் பெற்றோரின் கவலையை, ஆரம்பப் பிரிவு ஆசிரியையான நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால், அந்தப் பிள்ளை எங்கே தடக்குப்படுகிறான் என்று பாருங்கள். மூன்றாந் தரத்து மாணவன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பான். அதே சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதினால் வாயடைத்து நிற்பான். 'கோடு' என்று எழுதியிருப்பதைக் 'காடு' என்பான். பின்னால் நிற்கும் அரவை, அதாவது துணைக்காலைக் கண்டவனுக்கு, முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பு தெரியவில்லை. கொம்பு முன்னே நின்றாலும் ககர ஒலியே முதலில் பிறக்கிறது என்பதை எவரும் அருகிருந்து பிரித்துக் காட்டவுமில்லை. தன் முறை வரும்போது பென்சிலைக் கீழே போடுவான், தண்ணீர் குடிக்கக் கேட்பான். நாம் அவனைக் குழப்படிகாரன் என்கிறோம். அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவன் செய்வது குழப்படியல்ல, ஒளிப்பு. பாடசாலையை மாற்றினால் அந்த ஒளிப்பும் அவனுடன் போகும்.

பெரும்பாலான பிள்ளைகள் அயற்பாடசாலைக்கே செல்லும் பின்லாந்தில், 2018ஆம் ஆண்டின் பீசா எனும் சர்வதேச மாணவர் மதிப்பீட்டில், வாசிப்பில் ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைவிட 50 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தனர். 1990களிலிருந்து அரசாங்கப் பணத்துடனேயே பெற்றோர் பாடசாலையைத் தெரிவுசெய்யும் சுவீடனிலும் அந்த இடைவெளி 30 புள்ளிகளுக்கு மேல். தெரிவு இருந்தும் இடைவெளி மறையவில்லையே.

நம் இலங்கையிலோ, பெயர்பெற்ற பாடசாலைகளுக்கு மாணவரைத் தெரிவுசெய்யும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வந்தபின், வாசிக்கத் தெரியாதவனுக்குத் தெரிவு என்று ஒன்றே இல்லை. பாடசாலைதான் பிள்ளையைத் தெரிவுசெய்கிறது.

இந்த மாணவனுக்கு வேண்டியது, முதலிரு தரங்களிலேயே ஆசிரியர் நாளாந்தம் அவனைத் தனியே வாசிக்க வைத்துக் கேட்பது. மாணவர் தொகை குறைந்த ஊர்ப் பாடசாலையில் அதற்கு நேரமுண்டு; நாற்பது பேர் நெருங்கியிருக்கும் வகுப்பில் அது மிகவும் கடினம். விடியற்காலையில் வான் வண்டியில் ஏற்றி, ஊர்ப் பாடசாலை வாசலைக் கடந்து நகரத்துக்கு அனுப்பும்போது, கிடைக்கக்கூடிய அந்தச் செவியையே பெற்றோர் தெரியாமல் விட்டுச் செல்கின்றனர்.