மதியாதார் தலைவாசலும் நம் பள்ளிக்கூட வாசலும்

(திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியது. அன்று சொல்ல விட்டுப்போன சில வரிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கிற சேகர குருவானவர் ஐயா அவர்களே, பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கிற வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற பெரியவர்களே, அம்மன் கோயில் வரிதாரர்கள் சார்பில் வந்திருக்கிற அண்ணாச்சிமார்களே, தலைமையாசிரியை அவர்களே, என்னோடு வேலை பார்த்த ஆசிரியப் பெருமக்களே, உபதேசியார் ஐயா, சத்துணவுக் கூடத்து அக்காமார்களே, அந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கிற அம்மாமார்களே, உங்கள் எல்லாருக்கும் என் தோத்திரமும் வணக்கமும்.

தாளாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்ட மாதமே மாற்றிக் கொடுத்தவர் அவர். குருவானவர் ஐயா, கிறிஸ்மஸ் மரத்துக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, இனிப்புப் பையை இரண்டு மடங்காக வாங்க வைத்தவர். ஜமாஅத் பெரியவர்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற நாட்களில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வாளி வரும், அதை நான் மறக்கவில்லை.

பெற்றோரைப் பள்ளியோடு எப்படிச் சேர்த்து வைப்பது என்று பேசச் சொன்னார்கள். ஐந்து விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, கூட்டம் போடுகிற நேரம். இரண்டு, வாசலில் நாம் பேசுகிற பேச்சு. மூன்று, பள்ளிக் குழுவில் பெற்றோருக்கு இடம். நான்கு, அப்பாக்கள். ஐந்து, அம்மா அப்பா திருப்பூரிலும் துபாயிலும் இருக்க, இங்கே பேரன் பேத்தியை வளர்க்கிற ஆச்சிகளும் தாத்தாக்களும்.

எங்கள் ஆச்சி ஒரு பழமொழி சொல்வாள், நம்மூரில் தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். மதியாதார் தலைவாசல் மிதியாதே. கல்யாண வீட்டில் பத்திரிகையைச் சரியாக வைக்கவில்லை என்றால்கூட இதைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். முப்பத்தொரு வருஷம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே கிடையாது" என்று நாங்கள் பேசினோமே, அப்போது ஒருநாளும் எனக்கு ஆச்சி ஞாபகம் வரவில்லை. நானும்தான் பேசினேன்.

அசனப் பண்டிகையை, அதுதான் ஊரே சேர்ந்து சமைத்து உண்கிற கோயில் விருந்தை, எடுத்துக்கொள்ளுங்கள். வேதக்கோயிலில், அதாவது நம் சர்ச்சில், அசனம் என்றால் முதல் நாள் ராத்திரியே வெங்காய மூட்டை பிரிந்துவிடும். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. அரிவாள்மனையைக் கையோடு கொண்டுவருகிறார்கள், விடிய விடியக் காய் நறுக்குகிறார்கள், அண்டாவைத் தூக்க நாலு பேர் என்றால் எட்டுப் பேர் ஓடி வருகிறார்கள். நம் சபையார் மட்டுமா? பக்கத்துத் தெரு இந்து வீட்டார் ஆடு நேர்ந்து விடுகிறார்கள். அதே ஊர், அதே ஜனங்கள். அசனத்துக்கு ராத்திரி கண்விழிக்கிற அந்த அம்மா, வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை? அக்கறை இல்லாதவளா அவள்?

1998இல் ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. அங்கே ஒரு பையன், கணக்கில் கெட்டி, ஆனால் வீட்டுப்பாட நோட்டு வெறுமையாகத்தான் வரும். பெற்றோர் கூட்டத்துக்கு மூன்று தடவை சீட்டு எழுதிக் கொடுத்தேன், மூன்று தடவையும் அம்மா வரவில்லை. நாலாவது தடவை நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "உங்கம்மா வந்தாத்தான் நீ உள்ள வரலாம்" என்று அவனை வெளியே நிறுத்திவிட்டேன். மத்தியானம் வரைக்கும் நின்றான். சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்து பார்க்கிறேன், ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து, கீழே கிடந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து, அன்று நான் நடத்திய கணக்கு முழுவதையும் சுவரில் போட்டு வைத்திருக்கிறான். விடையும் சரி.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு அவன் தெருவுக்கு நடந்தேன். திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் சொளவு, அதுதான் முறம், சொளவில் நனைத்த இலை, தூள், கத்தரி, நூல்கண்டு. கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இவன், அம்மா சுற்றிப்போட்ட பீடிகளுக்குத் தலை மடக்கிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்ததில் இலையெல்லாம் தரையில் சிதறிவிட்டது. பாயை எடுத்து இரண்டு தடவை உதறி விரித்தாள். "டீச்சர், நீங்க போயி இங்கெல்லாம் வரலாமா" என்கிறாள்.

ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "நீங்க பத்து மணிக்கு வரச் சொல்லுதிய. பத்து மணிக்குத்தான் கடையில பீடி எடுப்பாவ. அன்னைக்குப் போகலைன்னா மறுநாளைக்கு இலை தர மாட்டாவ டீச்சர்" என்றாள். ஆயிரம் பீடி, இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, ஆக நாற்பது கட்டு. அதைச் சுற்றி முடித்தால்தான் ஒரு நாள் கூலி. பையன் வீட்டுப்பாடம் எழுதாததற்கும் அந்த நாற்பது கட்டில் பதில் இருந்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்க வந்தேன் டீச்சர். ரேங்க் கார்டுல கைநாட்டு வச்சிட்டு, மை துடைக்கத் துணி கேட்டேன். சேலையில துடைச்சுக்கோன்னாவ. எல்லாரும் பாத்தாவ." அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. மதியாதார் தலைவாசல் மிதியாதே. அந்தத் தலைவாசல் எங்களுடையது.

டீச்சர் வந்திருக்கிறார் என்று தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகச் சொளவைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். எல்லாருடைய பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடம்தான், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் உண்டு. நடுவில் கரண்ட் போய்விட்டது. சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள், கத்தரிச் சத்தம் நிற்கவில்லை. நாங்கள் கூட்டத்தில் ஒருநாளும் கேட்காத கேள்விகளை அவர்கள் கேட்டார்கள். ஒருத்தி கேட்டாள், "எம் புள்ள பள்ளிக்கூடத்துல சிரிக்காளா டீச்சர்? அவ அப்பா தவறினதுல இருந்து வீட்ல சிரிக்கவே மாட்டக்கா." எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் ஐந்து பாட மார்க்கும் எனக்கு மனப்பாடம், சிரிக்கிறாளா என்று பார்த்ததில்லை. மறுநாள் இடைவேளை முழுக்க அவளையே கவனித்தேன். சிரிக்கவில்லை. அந்த வாரமே பாட்டுப் பாடுகிற பிள்ளைகளோடு அவளைச் சேர்த்துவிட்டேன்.

அந்தப் பையனுடைய அம்மா தானாகவே ஒரு முடிவு எடுத்தாள். ராத்திரி சாப்பிடுகிற வரைக்கும் அவன் சொளவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது.

சரி, ஆசிரியர் வீடு தேடிப் போவதில் புதுசாக ஒன்றும் இல்லை என்பதைத்தான் சபைப் பெரியவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆனால் அதற்கு முன்னால் என்ன செய்தார் என்றால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். நம் பக்கத்தில் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு ஊர் ஊராக எழும்பிய பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். பல ஊர்களில் ஓலைக்கூரை ஒன்றுதான். வார நாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆள்தான். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் அவர் வீட்டுக்கே போய்விடுவார். பெற்றோர் கூட்டம் என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை. சுற்றுச்சுவரும் இரும்பு கேட்டும் வந்த பிறகுதான் நாம் அவர்களுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தோம்.

இரண்டாவது விஷயம், வாசலில் பேசுகிற பேச்சு. கிறிஸ்தவப் பள்ளி என்பதால் இதை நாம் கூடுதலாக யோசிக்க வேண்டும். சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தபோது சீஷர்கள் அதட்டினார்கள் என்று படிக்கிறோம். யாரை அதட்டினார்கள்? பிள்ளைகளை இல்லை, கொண்டுவந்தவர்களை! கொண்டுவந்தவர்கள் யார், அம்மாவும் அப்பாவும் ஆச்சியுமாகத்தானே இருக்கும். அதைக் கண்டு அவர் விசனப்பட்டார். சாரம், அதுதான் லுங்கி, கட்டி வந்த அப்பாவை, வேட்டி கட்டிக்கொண்டு வா என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாம் மட்டும் பேசுகிறோம், அவர்கள் பதில் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறோம். அதட்டுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அலுவலர் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை சொன்னால் போதும் என்று 2012இல் திருத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் பள்ளிகளை இந்தச் சட்டமே கட்டாது என்று சொல்லிவிட்டது. நம் உரிமை காப்பாற்றப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சட்டம் கட்டாவிட்டால் நாம் ஏன் செய்யக்கூடாது? பக்கத்து அரசுப் பள்ளியில் பீடி சுற்றுகிற அம்மா குழுத் தலைவியாக உட்காருகிறாள், நம் பள்ளியில் அவளுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. 2024 ஜூலையிலிருந்து காலை உணவுத் திட்டம் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரில் இருக்கிற ஒரு பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். சமைக்கிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், பலரும் அதே பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். தலைமையாசிரியை வருவதற்கு முன்னால் பள்ளிக்கு வந்து அடுப்புப் பற்றவைக்கிறவர்களிடம், பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாமே.

நான்காவதும் ஐந்தாவதும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். மணி ஆகிவிட்டது, பிள்ளைகள் நாட்டியத்துக்குச் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தை ராத்திரி ஏழு மணிக்கு வையுங்கள். பள்ளிக்கூடத்தில் வேண்டாம், தெருவில் வையுங்கள். ஒரு மாதம் ஒரு தெரு. முக்கால் மணி நேரம் போதும். இரண்டு ஆசிரியர்கள் போகட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நாற்காலி கேட்காதீர்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கிற பாயிலேயே உட்காருங்கள். அன்றைக்கு மார்க் வாசிக்கக்கூடாது, வசூல் பேச்சும் கூடாது. முதல் அரை மணி நேரம் அவர்கள் பேசட்டும். சொளவோடு வருகிறவர்கள் சொளவோடு வரட்டும். சபைத் தெருவில் நடத்துகிற அன்று ஆலய மணியை அடித்துச் சொல்லுங்கள், மற்றத் தெரு என்றால் கோயில் திடலோ பள்ளிவாசல் முற்றமோ எது அவர்களுக்குப் பழகிய இடமோ அங்கே வையுங்கள். நம் கோயில் வளாகத்துக்குத்தான் எல்லாரும் வர வேண்டும் என்று இருக்காதீர்கள். மதியாதார் தலைவாசலை மிதிக்க மாட்டார்கள், ஆனால் மதித்து நாம் அவர்கள் தலைவாசலுக்குப் போனால் பாயை உதறி விரிப்பார்கள், நான் கண்ணால் கண்டது.

தலைமையாசிரியையிடம் நேற்றே பேசிவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு, கீழத்தெரு தண்ணீர்த்தொட்டிப் பக்கம். தாளாளர் ஐயா, நீங்களும் வர வேண்டும். வேப்பமரத்தடியில் நிற்கிற அம்மாமாரே, முன்னால் இரண்டு வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள், உங்கள் பிள்ளைகள் ஆடப்போகிறார்கள். நன்றி, வணக்கம்.