ஷூபர்ட் மேல் கைவைத்தால் என்ன?

நடுவர் அவர்களே, நான் வாய் திறக்கும் முன்பே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

உணர்ச்சிக்கு முதலிடம் தந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் இசையைச் சோதனை இசையமைப்பாளர்கள் பிரித்துப் போட்டு மாற்றி எழுதுகிறார்களே, அது அந்த இசைக்கு மரியாதையா, அவமதிப்பா? இதுதான் தலைப்பு. மரியாதைதான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தோழர் கொதித்துப் போனார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் முடித்து வைத்த பாட்டில் கைவைக்க இவர்கள் யார் என்று கேட்டார். சொந்தமாக மெட்டுப் போட வக்கில்லாதவர்கள் செத்தவர் புகழில் குளிர்காய்கிறார்கள் என்றார். கைதட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, வழக்குதான் நிற்கவில்லை.

அவர் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'குளிர்காலப் பயணம்', ஜெர்மன் மொழியில் வின்டர்ரைஸ. வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு 1827இல் ஷூபர்ட் இசையமைத்தது. காதலில் தோற்ற ஒருவன் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் பனியில் நடந்து போகிறான், அவ்வளவுதான் கதை. ஷூபர்ட் இதை நண்பர்களுக்குத் தாமே பாடிக் காட்டினார். பாட்டின் இருட்டைத் தாங்க முடியாமல் அவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஷோபர் என்ற நண்பர் மட்டும், 'லிண்டன் மரம்' ஒன்றுதான் எனக்குப் பிடித்தது என்றார். என் மற்ற பாட்டுகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கின்றன, உங்களுக்கும் பிடித்துப்போகும் என்று ஷூபர்ட் சொன்னதாக ஷ்பவுன் என்ற இன்னொரு நண்பர் எழுதிவைத்திருக்கிறார். மறு ஆண்டு நவம்பரில் ஷூபர்ட் இறந்துவிட்டார், வயது 31. இரண்டாம் பாகத்தின் அச்சுப்படியைப் படுக்கையில் கிடந்தபடி திருத்தினார்.

கூடவே இருந்த நண்பர்களையே கலங்கடித்த அந்த இசை இன்று யாரைக் கலங்கடிக்கிறது? கறுப்பு கோட்டுப் போட்ட பாடகர், பளபளக்கும் பெரிய பியானோ, இருமலை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் கூட்டம். எல்லோருக்கும் அடுத்த வரி தெரியும். பயணத்துக்குப் பதில் சடங்கு நடக்கிறது.

1993இல் ஹான்ஸ் ட்செண்டர் என்ற ஜெர்மானியர் இந்தச் சடங்கைத்தான் கலைத்தார். அவரே இசைநடத்துநர், ஷூபர்ட்டை வாழ்நாள் முழுக்க நடத்தியவர். பியானோவை எடுத்துவிட்டு ஒரு சிற்றிசைக்குழுவை வைத்தார். அதில் அக்கார்டியன் உண்டு, கிதார் உண்டு, காற்றொலி எழுப்பும் பொறி உண்டு. முதல் பாட்டு எடுத்த எடுப்பில் மெட்டாக வருவதில்லை. உரசலும் தட்டலுமாக யாரோ நடந்து வரும் ஓசை கேட்கிறது. அது மெல்ல மெல்லத் தாளமாகி, தாளம் மெட்டாகிறது. வாத்தியக்காரர்கள் நிஜமாகவே நடந்தபடி வாசிக்கிறார்கள். பாடகர் சில இடங்களில் பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறார். தோழர் இதைக் கூத்து என்றார். ஐயா, அந்த நடை ட்செண்டர் கண்டுபிடித்ததா? ஷூபர்ட்டின் பியானோவில் முதல் தாளக்கட்டிலிருந்தே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறதே! நம் காது பழகிப்போய் அதைப் 'பக்கவாத்தியம்' என்று ஒதுக்கிவிட்டது. ட்செண்டர் அதற்குக் கால் வைத்துக் காட்டினார்.

அப்புறம், 'முடித்து வைத்த பாட்டு' என்ற வாதம். தோழர் உருகி உருகிப் புகழ்ந்தாரே, ஜெர்மன் பாடகர் ஃபிஷர்-டீஸ்காவ் பாடிய ஒலித்தட்டு, எனக்கும் அது உயிர்தான். ஆனால் ஷூபர்ட் எழுதியது ஆண்களின் உச்சக்குரலான டெனருக்கு. ஃபிஷர்-டீஸ்காவோ அதைவிடத் தாழ்ந்த குரலான பாரிடோன். சுருதியைக் கீழே இறக்கித்தான் பாடினார். கூட ஒலிப்பது ஷூபர்ட் காலத்து மெல்லிய மரச்சட்டப் பியானோ அல்ல, அதைவிடப் பல மடங்கு கனத்த இன்றைய வாத்தியம். இதையெல்லாம் அசல் என்று ஏற்றுக்கொண்ட மனம் அக்கார்டியனைக் கண்டதும் மட்டும் ஏன் காவல் நிலையத்துக்கு ஓடுகிறது?

சரி, முடிக்காததற்கு வருவோம். தம் கடைசி நாள்களில் ஷூபர்ட் டி மேஜரில் ஒரு சிம்பொனிக்குக் குறிப்பு எழுதினார். இரண்டு வரிப் பியானோக் குறிப்பாக, அங்கங்கே வாத்தியப் பெயர், நடுவே ஓட்டைகள். இரண்டு மூன்று மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து ஓடவிடும் பயிற்சிகள்கூட அதே தாள்களில் கிடக்கின்றன. அறிஞர்கள் சிலர் அந்த ஓட்டைகளை ஷூபர்ட் மாதிரியே எழுதி அடைத்தார்கள். இத்தாலியரான லூசியானோ பெரியோ 1990இல் முடித்த 'ரெண்டரிங்' என்ற படைப்பு வேறு வழியில் போனது. ஷூபர்ட் எழுதிய இடத்துக்கு ஷூபர்ட் கால வாத்திய அமைப்பையே கொடுத்தார். குறிப்பு எங்கே அறுகிறதோ, அங்கே செலஸ்டா என்ற சின்ன மணிப் பியானோ ஒலிக்கும். இசை திடீரென்று கேட்டும் கேட்காததுமாகிவிடும். கடைசிக்கால ஷூபர்ட்டின் பி பிளாட் பியானோ சொனாட்டா, மூன்று வாத்தியங்களுக்கான டிரியோ ஆகியவற்றின் நினைவுகள் புகைபோல மிதக்கும். பிறகு ஷூபர்ட் மறுபடி கிடைத்ததும் வெளிச்சம் வரும். இத்தாலியின் அசிசி நகரத்தில் பழங்கால ஓவியர் ஜொத்தோவின் சுவரோவியங்களைப் புதுப்பித்தவர்கள், உதிர்ந்த இடத்தைப் போலி வண்ணம் பூசி மறைக்காமல் விட்டார்கள். அதையே தாம் இசையில் செய்ததாகப் பெரியோ சொன்னார். ஷூபர்ட் குரலில் பேச அவருக்கு வராமலா? முடியும் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நிரூபித்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். வக்கில்லாதவன் செய்கிற வேலை இதுவா, நடுவர் அவர்களே?

ரொமான்டிக் காலத்தாரும் சும்மா இருக்கவில்லை. பீத்தோவனின் 9 சிம்பொனிகளையும் பியானோ மேதை லிஸ்ட் பியானோவுக்கு மாற்றினார். இசையமைப்பாளரும் இசைநடத்துநருமான மாலர் பீத்தோவனின் ஒன்பதாவதில் வாத்தியங்களைக் கூட்டிக் குறைத்து 1900இல் வியன்னாவில் நடத்தியபோது, இதே அவமதிப்புக் கூச்சல்தான் எழுந்தது. மனிதர் அசரவில்லை. விளக்கம் எழுதித் துண்டறிக்கையாக அச்சடித்து அரங்கிலேயே விநியோகித்தார். அந்த மாலரின் இரண்டாம் சிம்பொனியில் ஒரு பகுதியை முழுசாக ஓடவிட்டு, அதன்மேல் 1968இல் பெரியோ தம் 'சின்ஃபோனியா'வில் மனிதக் குரல்களையும் மற்றவர் இசைத் துணுக்குகளையும் கொட்டினார். மாலர் அந்தப் பகுதியையே தம்முடைய பழைய பாட்டு ஒன்றிலிருந்து விரித்தெடுத்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பீத்தோவனின் ஒன்பதாவதை 24 மணி நேரத்துக்கு இழுத்த நார்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். முழுதாகக் கேட்டவர் அவையில் இருந்தால் எழுந்து நிற்கட்டும், நான் கும்பிடுகிறேன். மாலரின் பத்தாவதைச் சவப்பெட்டிக்குள்ளிருந்து ஒலிக்கவிட்டுப் பதிவு செய்த மேத்யூ ஹெர்பர்ட்டின் யோசனை, கேட்பதைவிடச் சொல்வதற்குத்தான் நன்றாக இருக்கிறது. மோசமான மறுவாக்கங்கள் உண்டு, மோசமான சிம்பொனிகளும் உண்டு.

கடைசியாக, தோழருடைய ஒரு கவலை. இளம் பிள்ளைகள் முதலில் மாற்றிய வடிவத்தைக் கேட்டு, அதுதான் அசல் என்று ஏமாந்துவிட மாட்டார்களா? அப்படி ஏமாந்தவர்கள் உண்டு. ஷோபருக்குப் பிடித்த அந்த 'லிண்டன் மரம்' பாட்டில், என்னிடம் வா, இங்கே உனக்கு ஓய்வு என்று மரம் அவனைக் கூப்பிடுகிறது. கொல்லும் குளிரில் அது என்ன ஓய்வு என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இசை சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசைக்குப் புரளும், காற்று முகத்தில் அறையும், தொப்பி பறக்கும், அவன் திரும்பிப் பார்க்காமல் நடப்பான். ஃப்ரீட்ரிஷ் சில்ஷர் என்பவர் ஆண்கள் சேர்ந்திசைக்காக அந்தப் புயலை எடுத்துவிட்டார். எல்லாச் சரணத்துக்கும் ஒரே இனிமையான மெட்டு. ஜெர்மானியர்கள் தலைமுறை தலைமுறையாக அதை நாட்டுப்பாடல் என்று நம்பிப் பாடுகிறார்கள். ட்செண்டரைக் கேட்டுவிட்டு இதுதான் 1827இல் எழுதியது என்று யாராவது நம்புவார்களா? தையல் தெரியத் தைப்பவரை நிறுத்திவைத்துக் குற்றம் சாட்டுகிறீர்கள். அந்தப் புயலைச் சத்தமில்லாமல் வெட்டியெடுத்தவர்மேல் ஒரு புகாராவது உண்டா? அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.