நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், அக்கா அவர்களே, ஆயுத பூஜை முடித்துக் கையில் பொரியோடு வந்திருக்கும் சத்துவாச்சாரி மக்களே, வணக்கம்.

பைக் ஆட்டம் கண்டால் அதைச் சரிசெய்ய வேண்டியது ஓட்டுகிறவரா, ஷோரூம் மெக்கானிக்கா? இதுதான் தலைப்பு. ஓட்டுகிறவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அக்கா மூன்று அம்பு விட்டார். ஸ்டீயரிங் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் விளையாடாதே என்றார். நீ கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்றார். கடைசியாக, "நீ முறுக்கின நட்டை நம்பி ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்குவாயா தம்பி?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக விழுந்தது, நானும்தான் தட்டினேன். பதிலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் வண்டிக் கதையைக் கேளுங்கள்.

குடியாத்தத்தில் லுங்கி எடுத்து ஆற்காடு, வாலாஜா கடைகளுக்குப் போடுவது என் தொழில். 150 சிசி வண்டி. பின் சீட்டில் இரண்டு கட்டு. பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் 60ஐத் தொட்டால் போதும், வண்டியின் பின்பக்கம் மீன் வாலைப் போல அசையும். பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கடந்தால் குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும். அதோடு வண்டி எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு தோள் மட்டும் வலிக்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தம்பியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் எழுதியது இரண்டே சொல்: "ஹேண்டில் செக்." அந்தக் கார்டு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனது. உள்ளே ஸ்பேனர் பிடிக்கிற பையனை நான் பார்க்கவே இல்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை. அவன் வண்டியை எடுத்துச் சந்து முனை வரை போய்த் திரும்பினான். காலி வண்டி. லுங்கிக் கட்டு இல்லை, 60 இல்லை, லாரி இல்லை. ஆட்டமும் இல்லை. "நார்மல்தான் சார்" என்று பதில் வந்தது. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் நார்மல், மூன்று தடவையும் வாட்டர் வாஷ். கடைசித் தடவை, இரண்டு டயரையும் மாற்றிப் பாருங்களேன் என்றார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்ஜின் கோளாறு என்றால் வண்டி எங்கே நின்றாலும் அது கூடவே நிற்கும். ஆட்டம் அப்படியில்லை. சாலை, சுமை, வேகம், ஓட்டுகிற ஆள் நாலும் சேர்ந்தால்தான் அது வரும். ஸ்டாண்டில் நிறுத்தின வண்டியில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நம்ம வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று. கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை நாமே பாலத்தில் நின்று பார்த்தோம். ஆக, இடம் இரண்டு காலி. சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்காத மெக்கானிக்கை அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். என் அப்பா குடியாத்தத்தில் தறி ஓட்டினவர். திண்ணையில் உட்கார்ந்து என் புலம்பலைக் கேட்டவர், "நூல் பிடிச்சுப் பார்த்தியாடா?" என்றார். பாவு நூல் கோணினால் துணி கோணும் என்பது அவர் கணக்கு. வண்டியை நிமிர்த்தி நிறுத்தினோம். பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி, எதிலும் தட்டாமல் இரண்டு பக்கமும் முன்னால் இழுத்தோம். பின் டயரை விட முன் டயர் அகலம் குறைவு. அதனால் முன் டயருக்கு இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். என் வண்டியில் இடப்பக்கம் நூல் டயரை உரசியது. வலப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தது.

குனிந்து பார்த்தேன். செயின் டைட் செய்யும் இடத்தில், பின் சக்கர அச்சான ஆக்சிலுக்கு இரு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். இடது பக்கம் மூன்றாவது கோடு. வலது பக்கம் மூன்றரை. செயின் டைட் செய்த யாரோ அந்த அரைக் கோட்டைக் கவனிக்கவில்லை. மூன்று தடவை வாட்டர் வாஷ் செய்ததில் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, செயின் தளர்வு சரிதானா என்று பார்த்து, நட்டை முறுக்கினேன். சக்கரம் நகர்ந்தால் பின் பிரேக் ராடின் அளவும் மாறும், அதையும் சரிசெய்தேன். ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு போச்சு. வால் ஆட்டம் பாதி இருந்தது.

மறுநாள் காலையில் காற்று. என் வண்டி ஸ்டிக்கரில் பின் டயருக்குத் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 என்று போட்டிருக்கிறது. நான் வருஷக்கணக்கில் சுமையோடு 28இல் ஓட்டியிருக்கிறேன். அதுவும் சித்திரை வெயிலில் ஓடிவந்த சூட்டோடு பங்க்கில் பிடித்த 28. டயர் ஆறினால் அது இன்னும் குறையும். வெயிலூர்க்காரனுக்கு இது தெரியாமல் இருந்தது வெட்கம்தான். 32 வைத்தேன், ஆட்டம் முக்கால்வாசி நின்றது. அதற்கு மறுநாள் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்கினேன். சுமையில் பின்பக்கம் அமுங்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும், பிடிப்பு குறையும். மிச்சமும் நின்றது.

ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றினேன், கவனித்தீர்களா? மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது எதனால் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. டயர் மாற்றியிருந்தால் பணம் போனதுதான் மிச்சம்.

இப்போது அக்காவுக்கு. வாரன்டி என்றீர்கள். ஷாக் அப்சார்பரைத் திருகுகிற அந்தக் கொக்கி ஸ்பேனர் எங்கிருந்து வந்தது? வண்டி வாங்கும்போது கம்பெனி கொடுத்த டூல் கிட்டில் இருந்தது. காற்று அளவு எங்கே இருக்கிறது? கம்பெனி ஒட்டின ஸ்டிக்கரில். செயின் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும் என்பதும் கம்பெனி கொடுத்த புத்தகத்தில்தான். கம்பெனியே நம்மை நம்பியிருக்கிறது, அக்காதான் நம்ப மாட்டேன் என்கிறார். வருஷம் முழுக்கத் தொடாத ஸ்பேனருக்கு இன்றைக்கு மட்டும் சந்தனம் வைத்துக் கும்பிடுகிறோம். அது என்ன நினைக்கும்?

உயிர் சம்பந்தப்பட்டது என்றீர்கள். நடுவர் ஐயா, இதை மேசை மேல் வைக்கிறேன். கையில் எண்ணெய் ஒட்டும், பரவாயில்லை. என் வண்டியிலிருந்து போன வருஷம் கழற்றிய கோன் செட் கிண்ணம். இதற்குள்தான் குண்டுகள் உருளும், ஹேண்டில் திரும்பும். உள்ளே விரல் வைத்துத் தடவுங்கள். வரிசையாகக் குழி தட்டுப்படுகிறதா? நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு குண்டும் அதே இடத்தில்தான் அடி வாங்குகிறது. குழி விழுந்தபின் ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் 'க்ளிக்' என்று உட்காரும். மெதுவாகப் போகும்போது வண்டி குடிகாரன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, இரண்டு விரலால் ஹேண்டிலைத் திருப்பினால் எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இதைக் கழற்றி மாற்றியது நானா? இல்லை. கிண்ணத்தைத் தட்டி இறக்கத் தனிக் கருவி வேண்டும். மெக்கானிக்கிடம்தான் போனேன். வண்டி விழுந்து ஃபோர்க் வளைந்திருந்தாலும், சேஸிஸ் கோணியிருந்தாலும் அங்கேதான் போவேன். ஆனால் போகும்போது "ஆடுது" என்று போகவில்லை, "கோன் செட்டில் குழி" என்று போனேன். ஜாப் கார்டில் அதே சொல் ஏறியது. ஒரே தடவையில் வேலை முடிந்தது. அக்கா பயப்படுகிற உயிர் ஆபத்து, மூன்று தடவை நார்மல் என்று சொல்லி என்னை நெடுஞ்சாலைக்கு அனுப்பினதில் இருந்ததா, நான் நூல் பிடித்ததில் இருந்ததா?

ஏலகிரி? போன மாதம் இறங்கினேன் அக்கா. வீட்டுக்காரியைப் பின்னால் வைத்துக்கொண்டு, 14 வளைவும். அவள் ஒரு தடவைதான் திட்டினாள். அதுவும் வழியில் பலாப்பழத்துக்கு நிறுத்தாததற்கு.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணி அண்ணனின் வண்டி மேடைக்குப் பின்னால் நிற்கிறது. நேற்றுத்தான் ஷோரூமில் சர்வீஸ் விட்டு எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். வரும்போது குனிந்து பார்த்தேன். இடது பக்கம் இரண்டாவது கோடு, வலது பக்கம் இரண்டரை. நூல் என் பையில் இருக்கிறது அண்ணா. தீர்ப்பு வந்ததும் போய்விடாதீர்கள், பத்து நிமிஷ வேலைதான்.