சாலைக்கு விலை வைத்தால் சுமக்கப் போவது யார்?

அவையோருக்கு வணக்கம். நெரிசல் மிகுந்த நகரப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணம் நம் ஊருக்குப் பொருந்துமா என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

மாலை வேளையில் கோவை ஒப்பணக்கார வீதியில் ஊர்ந்து செல்லும் நகரப் பேருந்தை நீங்கள் அறிவீர்கள். அறுபது பேரைச் சுமக்கும் அந்தப் பேருந்தும் ஒருவர் மட்டுமே அமர்ந்துவரும் காரும் ஒரே நெரிசலில்தான் நிற்கின்றன. சாலை இன்று இலவசம் என்பது காரில் வருபவரின் கணக்கு. பேருந்தில் நிற்பவரோ அதன் விலையைத் தம் ஓய்வு நேரத்தில் கழித்துக் கொடுக்கிறார். நெரிசல் கட்டணம் ஏழைகளுக்கு எதிரானது என்னும் வாதத்தை இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

1975இல் சிங்கப்பூர், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) விதித்தபோது, பேருந்துகளுக்கும் நான்கு பேர் சேர்ந்து வந்த கார்களுக்கும் விலக்கு அளித்தது. 2003 பிப்ரவரியில் 5 பவுண்டில் தொடங்கிய லண்டன், இருசக்கர வாகனங்களை விட்டுவிட்டது; கிடைக்கும் வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமும் கட்டுப்படுத்தியது. 2025 ஜனவரியில் 9 டாலர் விதித்த நியூயார்க், குறைந்த வருமானத்தாருக்கு மாதத்தின் முதல் 10 பயணங்களுக்குப் பிறகு பாதிக் கட்டணம் என்றது. ஆனால் அதற்குத் தனியே விண்ணப்பித்துத் தகுதியைக் காட்ட வேண்டும். வருமானச் சான்றுக்காக ஒருநாள் கூலியை இழந்தவர்களுக்கு அச்சலுகை எளிதில் கைக்கு எட்டாது என்பது புரியும்.

நம் ஊரில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கோவையின் கணபதிப் பகுதியிலுள்ள லேத் பட்டறைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிக்கும் தொழிலாளி செல்வது இருசக்கர வாகனத்தில். லண்டனில் சிறு விதிவிலக்காக இருந்தது, இங்கே திட்டத்தின் உயிர்நிலை ஆகிவிடுகிறது. விலக்கு அளித்தால் நெரிசல் குறைவது மட்டுப்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விலக்கு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அடுத்தது பேருந்து. 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் செல்லும். கோவையில் பல வழித்தடங்களில் ஓடும் தனியார் பேருந்துகளில் செல்லாது. இரவு ஒன்பதரைக்குத் துணிக்கடையிலிருந்து வெளியே வரும் விற்பனைப் பெண்ணுக்கு அரசுப் பேருந்து வந்து சேரும் ஏற்பாடு முதலில் நடைமுறைக்கு வரட்டும். நெரிசல் கட்டண வசூல் அதன் பிறகு தொடங்கட்டும்.

சரக்கு வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உதிரிபாகங்களை ஏற்றிவரும் குட்டியானைக்குக் கட்டணம் விதித்தால், அது பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் ஜாப் ஒர்க் கூலியில்தான் கழிக்கப்படும். காலை எட்டு மணிக்கு முன் வந்தால் கட்டணம் இல்லை எனலாம்; ஆனால் அந்நேரத்தில் சரக்கை எடுத்துக்கொள்ள எத்தனை கம்பெனிகள் கதவைத் திறக்கும் என்று உரிமையாளர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.