பழைய கார்களும் திடலோரத்து உதிரிபாகச் சந்தையும்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஐப்பசி மழையும் விட்ட பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை, தமிழக-கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய மோட்டார் வண்டிகளின் கண்காட்சிகள் நடப்பதுண்டு. கோவை, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று பாலக்காட்டுக் கணவாயின் இரு புறமும் வாழ்கிற நமக்கு, இவற்றில் எங்கே நடந்தாலும் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பிவிடலாம். வரிசையாக நிற்கும் வண்டிகளின் அழகைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது அந்தத் திடலின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, எண்ணெய்க் கறை படிந்த சாமான்களைப் பரப்பி வைத்திருப்பவர்களைப் பற்றி. பந்தலில் இன்று மினுமினுக்கும் வண்டி வருகிற ஆண்டும் தன் எஞ்சினில் ஓடி வந்து சேருமா, லாரியில் ஏற்றி வரப்படுமா என்பதை அந்தத் தார்ப்பாய்தான் தீர்மானிக்கிறது.

நம் வட்டாரத்தில் பழைய வண்டிகள் மிகுந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆலை முதலாளிகள் கோவையிலும், நெல்வயல் உடையவர்கள் சித்தூரிலும் பாலக்காட்டிலும், தேயிலை, காப்பித் தோட்டக்காரர்கள் வால்பாறையிலும் நெல்லியாம்பதியிலும் இருந்தார்கள். ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கிய தொழில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரால் அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகத்தைப் பார்க்காத கோவைக்காரர்கள் அவசியம் ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லைக்கும் இதில் பங்குண்டு. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்திலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து மண். 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சேர்ந்தது. ஒரே சாலையில் ஓடிய வண்டிகள் வெவ்வேறு அரசுகளின் பதிவெழுத்துகளைத் தாங்கியிருந்தன. கண்காட்சிக்குப் போகும்போது பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் நம்பர் பலகையைப் பாருங்கள். அந்த வண்டி எந்த வழியாக இங்கே வந்தது என்பதில் பாதிக் கதை அதிலேயே இருக்கும்.

பந்தலில் நிற்பவற்றில் பெரும்பாலானவை மூன்றே நிறுவனங்களின் வண்டிகளாக இருப்பதும் தற்செயலன்று. 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்று, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தாக வேண்டும் என்று விதித்தபோது, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே கடையைக் கட்டிவிட்டன. எஞ்சியவை உத்தரபாராவில் அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மும்பை குர்லாவில் ஃபியட் செய்த பிரீமியர், சென்னையை அடுத்த வண்டலூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு. அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை ஓடிய நெடுங்கதை. அதன் பாகங்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. 1974 முதல் பத்மினி என்ற பெயரில் வந்த ஃபியட்டுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை. அல்லாடுகிறவர்கள் ஹெரால்டுக்காரர்கள்தான். முகப்பு முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும் அந்த வண்டியின் பானெட் கீலும் விளக்குக் கண்ணாடியும் எந்தக் கடையிலும் கேட்டவுடன் எடுத்துத் தரும் சாமான்கள் அல்ல. அவர்களுக்குச் சந்தையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கண்காட்சி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பரிசு பெரும்பாலும் பளபளப்புக்கே போகிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத வயதும், அந்தக் காலத்து உருவம் கெடாத நிலையும், அன்றாடப் பயன்பாட்டில் இல்லாமையும் உடையதையே வரலாற்று வாகனம் என்று ஏற்கிறது. நம் திடல்களிலோ, அந்த மாடலுக்கு நிறுவனம் ஒருநாளும் அடிக்காத மெட்டாலிக் வண்ணமும், அலாய் வீலும், புது வண்டியின் இருக்கையும் பூண்ட அம்பாசிடர் கோப்பையை வாங்கிப் போகிறது. தாத்தா வாங்கிய நாளின் பெயின்ட் மங்கி, கதவோரத்தில் உலோகம் தெரிய, தைத்த சீட்டுறையோடு நிற்கும் மோரிஸ் மைனரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயின்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் பெயின்ட் ஒரு முறைதான் இருக்கும். நடுவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று இந்த ஒலிபெருக்கியின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனித் தார்ப்பாய்க்கு வருகிறேன். கடந்த குளிர்காலத்தில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கண்காட்சியில், பொல்புள்ளியிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், கோணிச்சாக்கின் மேல் ஒரு டைனமோ, இரண்டு அம்பாசிடர் கதவுக் கைப்பிடி, ஸ்டியரிங்கின் கீழிருந்து கியர் மாற்றும் பழைய ஃபியட்டின் கியர் கம்பிகள் ஆகியவற்றை வைத்திருந்தார். பொள்ளாச்சிப் பையன் ஒருவன் கியர் கம்பியைக் கையில் எடுத்து, அதன் முனையிலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்தான். "அண்ணா, இதுக்கு என்ன வேணும்?" என்றான். பெரியவர் விலை சொல்லவில்லை. "மோனே, உங்கிட்ட மார்க் டூ கிரில் இருக்கா?" என்று கேட்டார். அம்பாசிடரின் பழைய மாடலான மார்க் டூவின் முகப்புச் சட்டம் அது. பையனின் சித்தப்பா வீட்டுக் களஞ்சியத்தில் ஒரு கிரில் இருந்தது. அன்று மாலைக்குள் அது வந்து சேர்ந்தது. பணம் கைமாறவே இல்லை. கடையில் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காத சாமான்கள் அவை. மாற்றுச் சந்தை என்பதன் முழுப் பொருளும் எனக்கு அந்த மரத்தடியில்தான் விளங்கியது.

பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவர் இல்லை. உதிரிபாகத்துக்கும் அப்படிப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கையில் எடுத்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திரும்புகிற திராட்டில் தண்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் காற்று புகும். என்ன சர்வீஸ் செய்தாலும் ஐடிலிங், அதாவது நிற்கும் வண்டியில் எஞ்சினின் மெதுவான ஓட்டம், சீராக இருக்காது. மோரிஸ் போன்ற ஆங்கில வண்டிகளின் எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால், மேல்மூடித் திருகைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி 'டொக்' என்று உட்கார வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, மறுபடி உலரத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பாருங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெள்ளைத் தூளில் கறுத்த கோடாக ஊறி வரும். இதற்குத் திடலிலேயே பத்து நிமிடம் போதும். ஒழுங்கான விற்பனையாளர் மறுக்க மாட்டார். வண்டியையே வாங்குவதாக இருந்தால், துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ்ப்புறத்திலும் மட்கார்டின் வளைவிலும் வைத்து நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பூச்சுதான் இருக்கிறது.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று காட்டுவார்கள். உலோகமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பிரேக் வாஷர், ஹோஸ், பீடிங் போன்ற ரப்பர் சாமான் என்றால், உறை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம். நாற்பது ஆண்டு உறைக்குள்ளேயே அது செத்திருக்கும், பிரேக்கில் அதை நம்புவது உயிருக்குக் கேடு. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. அதன் தூசியை வாயால் ஊதாதீர்கள். இன்னொன்று: அம்பாசிடரின் போல்ட், நட்டுகள் அங்குலக் கணக்கு, ஃபியட்டின் போல்ட், நட்டுகள் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு ஸ்பானர் செட்டும் கையில் இல்லாமல் சந்தைக்குப் போவதில் பயனில்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரில் 1955 முதல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு பெருங்கூட்டம் நடக்கிறது. அங்கே கார்களின் அணிவகுப்பு ஒரு நாள்தான். உதிரிபாகச் சந்தை பல நாள். இங்கிலாந்தில் பியூலியூ மோட்டார் அருங்காட்சியகத்தின் நிலத்தில் 1967 முதல் நடப்பதும் சந்தையை முதன்மையாகக் கொண்டதே. நாம் அணிவகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஊர்வலம், கொடியசைப்பு, புகைப்படம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். தார்ப்பாய்க்காரர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற திடல்களையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் ஹெர்ஷிக்காரர்களுக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று நமக்கு வாசலிலேயே இருக்கிறது. கோவையின் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் கிடைக்காத பாகத்தைப் புதிதாகவே செய்து தந்துவிடும் திறமுடையவை. ஆனால் அவர்களுக்கு மாதிரி வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்குவதால், அதைக் கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும்; அந்த அளவெடுப்புக்கு உடைந்த பாகமும் உதவும், இரண்டாகப் பிளந்த வாட்டர் பம்ப்பின் மேலுறையும் உதவும். இதனால்தான், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஹெரால்டின் வார்ப்படச் சாமானைக் கிலோக் கணக்கில் தராசில் ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. டீசல் மலிவாக இருந்த காலத்தில், டாக்சிக்காகப் பழைய வண்டிகளில் டீசல் எஞ்சின் பூட்டினார்கள். கழற்றிய பெட்ரோல் எஞ்சின்கள் இன்னும் எத்தனையோ தறவாட்டு (பரம்பரை) வீடுகளின் பின்கட்டிலும் தோட்டத்து ஷெட்டிலும் சாக்கு மூடிக் கிடக்கின்றன. அவை சந்தைக்கு வர வேண்டும்.

எஞ்சின் வாங்குபவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரிடம் கையெழுத்திட்ட ரசீது வாங்க வேண்டும். வண்டியில் பூட்டினால் பதிவுச் சான்றிலும் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். எல்லை தாண்டி வண்டியே வாங்கினால், பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது பொதுச் சட்டம். அப்போது நான் முன்பு சொன்ன அந்தப் பழைய எழுத்துகள் போய்விடும். 50 ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் எண்ணை வைத்துக்கொள்ள அந்த விதிகள் இடம் தருகின்றன. இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஆகவே தினம் ஓட்ட விரும்புகிறவர் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. அந்த ஈயத்தின் காப்பில் ஓடிய முந்தைய எஞ்சின்களில், வால்வு வந்து அமரும் இடமான வால்வு சீட்டின் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நீரை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பின் சவ்வான டயாபிரமும் ஹோஸும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றப்பட்டனவா என்பதை, மைல் கணக்கில் ஓட்டிக் கண்காட்சிக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வாளையாற்று ஏற்றத்தில் பெட்ரோல் கசிந்து நிற்பது ஆபத்து.

இந்தக் குளிர்காலத்தில் கண்காட்சி நடத்தவிருக்கும் அன்பர்கள் திடலில் மூன்றில் ஒரு பங்கை, நிழலுள்ள பங்கை, வாடகை வாங்காமல் சந்தைக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வரும் நேயர்கள், வீட்டுப் பரணிலும் ஷெட்டிலும் கிடக்கும் சாமான்களைத் துடைத்து, எந்த வண்டிக்கு, எந்த ஆண்டு என்று ஒரு அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டி எடுத்து வாருங்கள். அடையாளம் தெரியாததையும் கொண்டு வரலாம். தார்ப்பாயைச் சுற்றி நிற்கும் மெக்கானிக்குகளில் யாராவது ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

நன்றி, வணக்கம்.