அந்த ஆறு விநாடி

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி உப்பளங்களில் நாற்பது வருடம் வேலை பார்த்த ஓர் அம்மாவைச் சென்ற வருடம் பேட்டி எடுத்தோம். பதிவு மூன்று மணி நேரம். பன்னிரண்டு நிமிடப் படமாக அது வர வேண்டும். முன்பெல்லாம் இப்படி ஒரு பதிவு கைக்கு வந்தால், எந்த நிமிடத்தில் எதைச் சொன்னார் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதவே இரண்டு நாள் போய்விடும். இந்த முறை அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டேன். டீ குடித்துவிட்டு வந்தபோது பாதிப் பேச்சு எழுத்தாகி இருந்தது, வரிக்கு வரி நேரக்குறிப்போடு. ‘பிள்ளை’ என்று தேடினால், பிள்ளைகளைப் பற்றி அவர் பேசிய இடமெல்லாம் வந்து நிற்கிறது. எடிட்டருக்கு இது பெரிய விடுதலை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அவர் உப்பளத்தைச் சுருக்கி ‘அளத்துல’ என்ற இடத்திலெல்லாம் ‘அளவுல’ என்று இருந்தது. இந்தக் கருவிகள் கேட்டுப் பழகிய பேச்சு எது என்று பார்த்தால் காரணம் புரியும். 2022-இல் வெளிவந்த, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவி 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மிச்சத்தைத்தான் மற்ற மொழிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. உப்பு வாருகிறவர்களின் சொல் அதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்? சந்தேகமான சொற்களை அந்த அம்மாவின் மகளிடமே போனில் கேட்டுத் திருத்தினேன்.

அப்புறம் காற்று. அளத்தில் காற்று ஓயாது, மைக்கில் அதுதான் முன்னால் கேட்கும். இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டதும் குரல் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அதனால் பழைய ஒலியைக் கொஞ்சம் குறைத்து, குரலுக்கு அடியில் மறுபடி ஓடவிட்டேன்.

நான் சறுக்கியது வேறோர் இடத்தில். காற்றை நீக்கிய குரல் பதிவில், பேச்சில்லாத இடைவெளிகளைத் தானாக வெட்டும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒலி இந்த அளவுக்குக் கீழே அரை விநாடிக்கு மேல் இருந்தால் வெட்டு என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் கட்டளை. அது சரியாகத்தான் செய்தது.

வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைப்பதில் அளத்துக்காரர்களுக்குக் கண் கெடுவதுண்டு. “கண்ணு எப்பம்மா மங்க ஆரம்பிச்சது?” என்று கேட்டிருந்தேன். வெட்டிய படத்தில் கேள்வி முடிந்த கையோடு பதில் வந்தது: “எம் பிள்ளை மொகம் மங்கலாத் தெரிஞ்சிச்சு பாத்துக்கிடுங்க தம்பி, அன்னைக்குத்தான்.” மனப்பாடம் செய்து ஒப்பித்தது போல இருந்தது. மூலப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஆறு விநாடி. அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், காற்று மட்டும் கேட்கிறது.

கைபேசியில் எடிட் செய்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பொத்தானைத் தொடுமுன் டைம்லைனுக்கு, அதாவது காட்சிகளை அடுக்கி வைத்த வரிசைக்கு, ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். யோசித்துப் பேசுகிறவரின் பேட்டியென்றால் தொடவே வேண்டாம்.

ஆறு விநாடியையும் திரும்ப வைத்தேன். படம் முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டோம். திரை அவருக்குச் சரியாகத் தெரியாது, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் மகள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“ஏட்டி, இது நம்ம அளத்துக் காத்துல்லா!”